சீன அரசப் பீங்கானின் அடியில் இருக்கும் ஆறு எழுத்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு அதிகம் வருகிற கேள்வி ஒன்றுதான். ஒரு கிண்ணத்தையோ ஜாடியையோ கவிழ்த்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். வெள்ளை அடிப்பாகத்தில் நீல நிறத்தில் நாலு அல்லது ஆறு சீன எழுத்து இருக்கும். கூடவே ஒரு வரி: "இது எந்தக் காலத்தது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி எழுதி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது, ஏனென்றால் பின்னால் வருகிற பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே நிற்கின்றன.

ஆட்சிக்குறி என்றால் என்ன?

ஒரு பாத்திரம் எந்தச் சீனப் பேரரசரின் ஆட்சியில் செய்யப்பட்டது என்று அதன் மேலேயே எழுதி வைப்பது. பெரும்பாலும் அடியில், மெருகுக்குக் (சுட்ட பிறகு கண்ணாடி மாதிரி மின்னுகிற பூச்சுக்கு) கீழே, கோபால்ட் நீலத்தில் எழுதுவார்கள். சிவப்பிலோ பொன்னிலோ மெருகுக்கு மேலே எழுதியவையும் உண்டு, சுடாத மண்ணிலேயே கீறியவையும் உண்டு. ஜியாங்சி மாகாணத்தில் இருக்கிற ஜிங்தேசென் ஊரின் அரசச் சூளைகளில் மிங், சிங் வம்சங்களின் காலத்தில் செய்த பீங்கான்களில்தான் இது ஒரு ஒழுங்கான வழக்கமாக நிலைத்தது.

அந்த ஆறு எழுத்தை எப்படிப் படிப்பது?

வலது பக்கத்து வரிசையில் மேலிருந்து கீழே மூன்று எழுத்து, அப்புறம் இடது பக்கத்து வரிசையில் மேலிருந்து கீழே மூன்று எழுத்து. எடுத்துக்காட்டாக "தா மிங் சுவான்தே நியன் ஜி". தா என்றால் பெரிய, மகத்தான. மிங் என்பது வம்சத்தின் பெயர். சுவான்தே என்ற இரண்டு எழுத்தும் ஆட்சியின் பெயர். நியன் என்றால் ஆண்டு, ஜி என்றால் செய்தது. ஆக, "மகத்தான மிங் வம்சத்தின் சுவான்தே ஆட்சியாண்டுகளில் செய்தது". நாலு எழுத்துக் குறி என்றால் முதல் இரண்டையும், அதாவது வம்சத்தின் பெயரை, விட்டுவிட்டார்கள் என்று பொருள்.

சீனம் தெரியாதவர்கள் மேல் எது கீழ் எது என்றே தெரியாமல் படத்தைத் தலைகீழாக அனுப்புவது வழக்கம். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கைகளை விரித்து, கால்களை அகட்டி நிற்கிற ஆள் மாதிரி ஒரு எழுத்தைத் தேடுங்கள், அதுதான் "தா". அந்த ஆள் வலது மேல் மூலையில் நேராக நிற்கும்படி பாத்திரத்தைத் திருப்புங்கள். அவருக்கு நேர் கீழே இருக்கிற எழுத்துதான் வம்சம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னப் பெட்டி மாதிரி இருந்தால் அது மிங் (சூரியனும் சந்திரனும் சேர்ந்த எழுத்து). இடது ஓரத்தில் மூன்று துளிகள் தெறித்த மாதிரி இருந்தால் அது சிங். இந்த இரண்டு எழுத்தை மட்டும் பழகிக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சுவான்தே, காங்சி, சியன்லோங் எல்லாம் அரசர்களின் பெயர்கள்தானே?

இல்லை, ஆட்சிக்கு வைத்த பெயர்கள். காங்சி பேரரசரின் சொந்தப் பெயர் சுவான்யே, சியன்லோங் பேரரசரின் சொந்தப் பெயர் ஹோங்லி. அந்தச் சொந்தப் பெயரை யாரும் எழுதவோ சொல்லவோ கூடாது, பாத்திரத்தில் வருகிற பேச்சே இல்லை. பட்டத்துக்கு வந்ததும் நல்ல பொருள் தருகிற இரண்டு எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஆட்சிக்குப் பெயராக வைப்பார்கள், அதுவும் அடுத்த புத்தாண்டிலிருந்துதான் நடைமுறைக்கு வரும். அதனால்தான் 1735-இல் அரியணை ஏறியவரின் சியன்லோங் ஆண்டுக்கணக்கு 1736-இல் தொடங்குகிறது.

சோழர் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அங்கே அரசன் பெயரைச் சொல்லி "யாண்டு எட்டாவது" என்று எத்தனையாவது ஆண்டு என்பதையும் சொல்லிவிடுவார்கள். பீங்கானின் அடியில் அந்த எண் வராது, ஆட்சியின் பெயரோடு நின்றுவிடும். காங்சி ஆட்சி 61 ஆண்டு நடந்தது, அதில் இந்தக் கிண்ணம் முதல் ஆண்டா கடைசி ஆண்டா என்று குறி சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க வேறு வழிகள்தான் வேண்டும்.

இந்த வழக்கம் எப்போது தொடங்கியது?

பாத்திரத்தில் தேதி எழுதுவது மிங்குக்கு முன்பே உண்டு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிற டேவிட் ஜாடிகள் என்ற இரட்டை ஜாடிகளின் கழுத்தில், யுவான் வம்சத்து ஆட்சிப் பெயரோடு 1351-ஆம் ஆண்டைக் குறிக்கும் நீண்ட வாசகம் இருக்கிறது. ஆனால் அது ஒரு பக்தர் கோயிலுக்குக் கொடுத்த காணிக்கையின் வாசகம், அரசச் சூளையின் குறி இல்லை.

அரசச் சூளையின் குறி யோங்லே ஆட்சியில் (1403–1424) மெல்ல எட்டிப் பார்க்கிறது. நாலே எழுத்து, பழைய முத்திரை எழுத்து வடிவில், அதுவும் மிகச் சில பாத்திரங்களில் மட்டும். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிற புகழ்பெற்ற யோங்லே கோப்பைகளில் குறி அடியில் கூட இல்லை, கோப்பைக்கு உள்ளே, நடுவில் வரைந்த பூவின் நெஞ்சில் ஒளிந்திருக்கும். குடித்து முடித்தவருக்குத்தான் அது தெரியும்.

பிறகு வந்த சுவான்தே ஆட்சியில் (1426–1435) ஆறு எழுத்துக் குறி நிலைபெற்றுவிட்டது. அடியில், விளிம்புக்குக் கீழே, தோளில், உள்ளே என்று பாத்திரத்துக்குப் பாத்திரம் இடம் மாறும். "சுவான்தே குறி உடம்பெங்கும்" என்று சீனச் சேகரிப்பாளர்களிடையே ஒரு சொல்வழக்கே உண்டு. என் கணக்கில் ஆட்சிக்குறிகளில் மிக அழகானவையும் இவைதான். தூரிகை அழுத்தி எழும் இடங்களில் நீலம் திட்டாகத் தேங்கி, கிட்டத்தட்டக் கறுத்து நிற்கும்.

எந்தெந்த ஆட்சிப் பெயர்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

மிங்கில் யோங்லேயும் சுவான்தேயும் மேலே சொன்னாயிற்று. அப்புறம் சுமார் 30 ஆண்டு ஒரு இடைவெளி. 1436 முதல் 1464 வரை மூன்று ஆட்சிப் பெயர்கள் வந்து போயின, ஆனால் அரசச் சூளைகளில் அந்தப் பெயர்களை எழுதும் வழக்கம் இல்லை. பிறகு செங்ஹுவா (1465–1487), ஹோங்ஜி (1488–1505), ஜெங்தே (1506–1521), ஜியாஜிங் (1522–1566), லோங்சிங் (1567–1572), வான்லி (1573–1620). வான்லியின் கடைசி ஆண்டுகளில் அரசச் சூளை ஓய்ந்துபோனதால் அதற்குப் பின் வந்த தியான்சி, சோங்ஜென் குறிகள் அரிது.

சிங்கில் ஷுன்ஜி (1644–1661), காங்சி (1662–1722), யோங்ஜெங் (1723–1735), சியன்லோங் (1736–1795), ஜியாச்சிங் (1796–1820), தாவ்குவாங் (1821–1850), சியன்ஃபெங் (1851–1861), தோங்ஜி (1862–1874), குவாங்சூ (1875–1908), சுவான்தோங் (1909–1911). இதில் சியன்ஃபெங் குறி கிடைப்பது கடினம். சிங் ஆட்சிக்கு எதிராக எழுந்த தைப்பிங் கிளர்ச்சியில் 1855 வாக்கில் ஜிங்தேசென் சூளைகள் அழிந்தன, அவை திரும்ப எழும்போது அவருடைய ஆட்சியே முடிந்திருந்தது.

ஜியாஜிங், ஜியாச்சிங் இரண்டும் தமிழில் எழுதினால் ஒன்று போலத் தெரியும், ஆனால் நடுவே 200 ஆண்டுக்கு மேல் இடைவெளி. முன்னது மிங், பின்னது சிங். இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

என்னிடம் இருப்பது எழுத்து மாதிரியே இல்லை, கோடுகளால் ஆன கட்டம் மாதிரி இருக்கிறது. அதுவும் ஆட்சிக்குறியா?

ஆமாம், அது முத்திரை எழுத்து. கல் முத்திரையில் வெட்டுகிற பழைய வடிவம். யோங்ஜெங் காலத்தில் இது மறுபடி புழக்கத்துக்கு வந்து, சியன்லோங் காலத்தில் பெருவழக்காகி, ஜியாச்சிங், தாவ்குவாங் வரை ஓடியது. இதில் பெரும்பாலும் இரண்டிரண்டு எழுத்தாக மூன்று வரிசை இருக்கும். இதையும் வலமிருந்து இடமாகத்தான் படிக்க வேண்டும். சியன்ஃபெங் முதல் மறுபடியும் சாதாரண எழுத்தே மேலோங்கியது, அதுவும் சுற்றிலும் வட்டம் போடாமல்.

இதை யார் எழுதினார்கள்? படம் வரைந்தவர்களா?

இல்லை, இதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள்! எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1728-இல் ஜிங்தேசென்னுக்கு வந்து, பிறகு அரசச் சூளையை நடத்திய தாங் யிங் என்ற அதிகாரி, பீங்கான் செய்யும் வேலையை 20 படங்களுக்கு விளக்கமாக 1743-இல் பேரரசருக்கு எழுதிக் கொடுத்தார். அதில் வேலைப் பிரிவினை மிகத் தெளிவாக வருகிறது. விளிம்பைச் சுற்றிப் போகிற நீல வளையங்களைச் சக்கரத்தில் கடைபவர் போடுவார், அடியில் எழுதுகிற குறி குறி எழுதுபவருக்கு மட்டுமே உரியது. பூ வரைபவருக்குப் பூ, பறவை வரைபவருக்குப் பறவை என்கிற மாதிரி அவருக்கு எழுத்து.

கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். கிண்ணத்தின் அடியில் இரண்டு மூன்று அங்குல நீளத்துக்கு ஒரு மண் கைப்பிடியை வெட்டாமல் விட்டிருப்பார்கள், வரையும்போதும் மெருகு ஊற்றும்போதும் பிடித்துக்கொள்ள. மற்ற எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பிடியைக் கடைந்து எடுத்து, அடியைக் குழித்து, அந்தக் குழிக்குள் குறியை எழுதி, அதற்கு மேல் மெருகு பூசுவார்கள். சுடாத மண் மை உறிஞ்சும் காகிதம் மாதிரி, தூரிகையை ஒரு கணம் நிறுத்தினால் ஈரம் உள்ளே போய் எழுத்து வீங்கிவிடும், தவறினால் அழிக்க வழியில்லை. எழுதும்போது கோபால்ட் சாம்பலும் கறுப்புமாகத்தான் இருக்கும், நீலம் சூளைக்குள்தான் பிறக்கும். ஒரு விரல் அகலமே இருக்கிற குழிக்குள் குனிந்து ஆறு எழுத்தைப் பிசகாமல் எழுதி, அடுத்ததை எடுத்து, மறுபடியும் அதே ஆறு எழுத்து. ஆட்சி மாறும் வரைக்கும் அதே ஆறு எழுத்துதான். அந்தக் கைகளின் பெயர் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

சரி, அடியில் காங்சி என்று இருந்தால் அது காங்சி காலத்தது, அப்படித்தானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். குறி சொல்வது எந்தப் பெயரை எழுதினார்கள் என்பதை மட்டும்தான். எப்போது எழுதினார்கள் என்பதை அது சொல்வதில்லை. உலகத்தில் இன்று இருக்கிற ஆட்சிக்குறியுள்ள சீனப் பீங்கான்களில் பெரும்பகுதி அந்தந்த ஆட்சியைச் சேர்ந்தவை அல்ல.

இதற்கு ஏமாற்று மட்டும் காரணம் இல்லை. காங்சி காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1677-இல் ஜிங்தேசென்னின் மாவட்ட அதிகாரி ஜாங் சீஜோங் ஒரு தடை போட்டார். பேரரசரின் ஆட்சிப் பெயரைப் பீங்கானில் எழுதக்கூடாது, பாத்திரம் உடைந்தால் அந்தப் பெயர் குப்பையில் கிடந்து மிதிபடும் என்பது காரணம். மதிப்பைக் காப்பாற்றப் போட்ட தடை. சூளைக்காரர்கள் என்ன செய்வார்கள்? சிலர் இரட்டை வட்டம் மட்டும் போட்டு உள்ளே வெறுமையாக விட்டார்கள், சிலர் இலை, தாமரை என்று படம் போட்டார்கள், இன்னும் பலர் போய்விட்ட மிங் வம்சத்தின் பெயர்களை எழுதினார்கள்: செங்ஹுவா, ஜியாஜிங், சுவான்தே. அதனால் அடியில் செங்ஹுவா என்று எழுதிய, உண்மையில் 200 ஆண்டு கழித்துக் காங்சி காலத்தில் செய்த கிண்ணங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றில் பல அருமையான வேலைப்பாடு உள்ளவை.

இன்னொரு காரணம் மரியாதை. சீன எழுத்துக்கலையிலும் ஓவியத்திலும் முன்னோரின் கையை அப்படியே பின்பற்றுவது உயர்ந்த பயிற்சி. யோங்ஜெங் பேரரசர் மிங் பாத்திரங்களை மாதிரியாக வைத்து அதே மாதிரி செய்யச் சொன்னார், அப்படிச் செய்தவற்றில் சிலவற்றில் மிங் குறியையும் அப்படியே எழுதினார்கள், சிலவற்றில் யோங்ஜெங் குறியே இருக்கும். அரசச் சூளையே, அரசருக்காகவே செய்தது, ஆனால் அடியில் வேறு அரசரின் காலம்! இதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சீனாவுக்கு வெளியேயும் இது பரவியது. ஜப்பானின் அரிதா பகுதிப் பீங்கான்களில் செங்ஹுவா குறி சாதாரணமாக வரும். வியட்நாம் அரசவைக்காகச் சீனாவில் செய்த நீலப் பீங்கான்களில் மின் மாங், தூ தூக் போன்ற வியட்நாம் ஆட்சிப் பெயர்கள் இருக்கும். சீன எழுத்து இருப்பதாலேயே சீன அரசருடையது என்று முடிவு செய்யாதீர்கள்.

அப்படியானால் போலிகளே இல்லையா?

இருக்கின்றன, ஏராளமாக. மேலே சொன்ன மரியாதை வேறு, வாங்குபவரை ஏமாற்றுவதற்கென்று இன்று செய்வது வேறு. அமிலத்தால் மெருகின் பளபளப்பை மங்கவைப்பது, அடிவளையத்தில் (பாத்திரம் ஊன்றி நிற்கிற வளையத்தில்) அழுக்கைத் தேய்த்து ஏற்றுவது, உடைந்த பழைய பாத்திரத்தின் அசல் அடிப்பாகத்தை எடுத்துப் புதுக் கிண்ணத்தில் ஒட்டுவது எல்லாம் நடக்கிறது. கடைசியில் சொன்னதுதான் பொல்லாதது, ஏனென்றால் அங்கே குறி உண்மையானது, கிண்ணம்தான் பொய்.

நாலு எழுத்தில் "காங்சி நியன் ஜி" என்று என் ஜாடியில் இருக்கிறதே?

நீலப் பின்னணியில் வெள்ளைப் பூக்கள் போட்ட மூடி ஜாடியா? அடியில் நாலு எழுத்து, சுற்றி இரட்டைச் சதுரமா? அப்படியானால் அது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோ அதற்குப் பிந்தியதோதான். குவாங்சூ காலத்தில் காங்சி பாணிக்குப் பெரிய கிராக்கி இருந்தது, வெளிநாட்டுக்கும் கப்பல் கப்பலாகப் போனது.

இதை நான் ஒரு ஜாடியில்தான் கற்றேன். சிங்கப்பூரில் ஒரு பழம்பொருள் கடையில் அந்த நாலு எழுத்தைப் பார்த்துவிட்டு வாங்கினேன், காங்சி என்று படிக்கத் தெரிந்ததே அன்றைக்கு எனக்குப் பெரிய சந்தோஷம். பிறகு பீங்கானிலேயே வாழ்ந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் ஜாடியைக் கவிழ்த்தார், ஆனால் எழுத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை வேறு எங்கோ வைத்துக்கொண்டு கட்டைவிரலை அடிவளையத்தின் மேல் ஒரு சுற்று ஓட்டினார். மெருகும் மண்ணும் சந்திக்கிற இடத்தில் நிறுத்தினார், மறுபடி ஓட்டினார். அப்புறம் உள்ளே கையை விட்டுத் தோள் பகுதியைத் தடவினார். எல்லாம் முடிந்த பிறகுதான் குறியைப் பார்த்து, "நல்ல ஜாடி, நூறு வயசு சொல்லலாம்" என்றார். அந்த வரிசையை அன்றிலிருந்து நான் மாற்றவில்லை: குறி கடைசியில்.

எழுத்தின் வடிவத்தை வைத்து உண்மையைக் கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவு முடியும். ஒவ்வொரு ஆட்சிக்கும் கையெழுத்து மாதிரி சில பழக்கங்கள் உண்டு. சுவான்தே குறியில் "தே" என்ற எழுத்தின் கீழ்ப்பகுதியில் இதயத்தைக் குறிக்கும் பகுதி இருக்கிறது. அகராதி வடிவத்தில் அதற்கு மேலே ஒரு சின்னப் படுக்கைக் கோடு வர வேண்டும். சுவான்தே குறிகளில் அந்தக் கோடு வழக்கமாக இருக்காது. பின்னால் வந்த பலர் இது தெரியாமல் அந்தக் கோட்டையும் சேர்த்துச் சரியாக எழுதி மாட்டிக்கொண்டார்கள். தெரிந்தவர்கள் விட்டுவிட்டு எழுதினார்கள், அதனால் கோடு இல்லாததே சான்று ஆகிவிடாது.

செங்ஹுவா குறிக்கு ஒரு மனப்பாடப் பாட்டே இருக்கிறது. பெய்ஜிங்கில் பீங்கான் வியாபாரியாக இருந்து, 1956-இல் தன் சேகரிப்பை அரண்மனை அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்ட சுன் யிங்ஜோ இயற்றியது. ஆறு எழுத்தும் எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். "ஜி" எழுத்தின் கீழ்ப்பாதி ஆடையைக் குறிக்கும், மேல்பாதியின் வலது பக்கம் கத்தியைக் குறிக்கும். அந்த ஆடையின் படுக்கைக் கோடு கத்தியைத் தாண்டி நீளுவது அரிது என்று ஒரு வரி. எத்தனை ஆயிரம் அடிகளைக் கவிழ்த்துப் பார்த்தவருக்கு இது கண்ணில் பட்டிருக்கும்! செங்ஹுவா எழுத்துகள் கொஞ்சம் தடித்து, குழந்தை எழுதியது போல் வெள்ளந்தியாக இருக்கும், அந்த வெள்ளந்தித்தனத்தை நடிப்பது கடினம்.

ஒரு சின்ன எச்சரிக்கை: லோங்சிங் குறிகளில் கடைசி எழுத்து "ஜி" என்பதற்குப் பதிலாக "ஜாவ்" என்று வரும், பொருள் அதேதான். அதைப் பார்த்துப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

குறி இல்லாத பாத்திரத்துக்கு மதிப்பு இல்லையா?

2017-இல் ஹாங்காங் ஏலத்தில் வட சோங் வம்சக் காலத்து (யுவானுக்கும் மிங்குக்கும் முந்தியது) ரூ வகைத் தூரிகை கழுவும் தட்டு ஒன்று 29 கோடியே 43 லட்சம் ஹாங்காங் டாலருக்குப் போனது. சுமார் 13 சென்டிமீட்டர் அகலம், இளநீல மெருகு, ஆட்சிக்குறி எதுவும் கிடையாது. அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 2014-இல், செங்ஹுவா குறியுள்ள ஒரு சின்னக் கோழிக் கோப்பை 28 கோடியே 12 லட்சத்துக்குப் போயிருந்தது. வாங்கிய ஷாங்காய் சேகரிப்பாளர் லியூ யிசியன் அதில் தேநீர் ஊற்றிக் குடித்த படம் அப்போது எல்லா இடத்திலும் சுற்றியது. சேவலும் பெட்டையும் குஞ்சுகளும் மேய்கிற அந்தக் கோப்பை உள்ளங்கையில் அடங்கிவிடும், 8 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

பொதுவாக சோங், யுவான் காலத்துப் பாத்திரங்களிலும், ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான 18-ஆம் நூற்றாண்டுப் பாத்திரங்களில் பெரும்பாலானவற்றிலும் ஆட்சிக்குறியைத் தேடுவதே வீண்.

குறி உண்மை என்றால் அது அரண்மனைக்குப் போன பாத்திரமா?

அவசியம் இல்லை. குறியைச் சுடுவதற்கு முன்பே எழுதிவிடுகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? சூளையிலிருந்து வெளியே வரும்போது கோணியதும், வெடித்ததும், நிறம் பிசகியதும் எல்லாம் அதே குறியோடுதான் வரும். மிங் காலத்தில் அப்படித் தேறாதவற்றை உடைத்துப் புதைத்தார்கள். ஜிங்தேசென்னின் ஜூஷான் பகுதியில் 1980-களில் தோண்டியபோது சுவான்தே, செங்ஹுவா குறியுள்ள சில்லுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன, தொல்லியலாளர்கள் அவற்றைப் பொறுமையாக ஒட்டி முழுப் பாத்திரமாக்கினார்கள். சேகரிப்பாளர்களுக்கு இந்தச் சில்லுகள் பெரிய வரம். தேதியில் சந்தேகமே இல்லாத எழுத்து மாதிரிகள் அவை.

ஆட்சிப் பெயர் இல்லாமல் வேறு என்ன எழுதியிருக்கும்?

பல வகை. "யூ ஜி" என்று வந்தால் பேரரசரின் ஆணைப்படி செய்தது என்று பொருள். காங்சி காலத்தில் ஜிங்தேசென்னிலிருந்து வெள்ளைக் கிண்ணங்களை வரவழைத்துப் பெய்ஜிங் அரண்மனைப் பட்டறையிலேயே வண்ணம் தீட்டினார்கள், அவற்றில் இதைப் பார்க்கலாம். மாளிகைப் பெயர்களும் உண்டு: "ஷென் தே தாங்" தாவ்குவாங் பேரரசரின் மாளிகை, "தா யா ஜாய்" பேரரசித் தாய் சீசீக்காகச் செய்த பாத்திரங்களின் குறி. சீசீயின் பாத்திரங்களில் அந்தப் பெயர் அடியில் வராமல் வெளிப்பக்கத்தில் பூக்களுக்கு நடுவே சிவப்பில் இருக்கும். இவை தவிர வாழ்த்துச் சொற்கள், பட்டறைப் பெயர்கள்.

அடியில் ஆங்கிலத்தில் "சைனா" என்று இருக்கிறது.

அமெரிக்காவில் 1890-இல் வந்த சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. 1891 முதல் அது நடைமுறைக்கு வந்தது. எனவே உங்கள் பாத்திரம் அதற்குப் பிந்தியது, பக்கத்தில் சியன்லோங் என்று சீனத்தில் எழுதியிருந்தாலும்.

ஏல அட்டவணையில் வருகிற சொற்கள் குழப்புகின்றனவே?

ஒரே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். "காங்சி குறியும் காலமும்" என்ற பொருளில் எழுதியிருந்தால், குறியும் காங்சி, செய்த காலமும் காங்சி என்று அவர்கள் பொறுப்பேற்றுச் சொல்கிறார்கள். "காங்சி குறி" என்று மட்டும் இருந்தால் காலத்தைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில் விலை பல மடங்கு மாறும், அதனால் நிதானமாக, முழு வரியையும் படியுங்கள்.

நான் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

முதலில் கையில் இருக்கிற மோதிரத்தைக் கழற்றுங்கள். கீழே மெத்தென்ற துணி விரித்த மேசை இருக்கட்டும், இரண்டு கையாலும் எடுங்கள், விளிம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். வடிவத்தைத் தள்ளி நின்று பாருங்கள், அரசச் சூளையின் வேலையில் வளைவு எங்கேயும் தயங்காது. எடை பாருங்கள். பிறகு ஓவியம், நீலத்தின் நிறம்: ஜியாஜிங் நீலத்தில் ஊதா கலந்திருக்கும், சுவான்தே நீலத்தில் கறுத்த திட்டுகள் இருக்கும். பூதக்கண்ணாடியில் அந்தத் திட்டுகள் மெருகுக்குள் அமிழ்ந்திருக்கின்றனவா, அல்லது தூரிகையால் புள்ளி புள்ளியாக வைத்தவையா என்று பாருங்கள். பின்னால் வந்தவர்கள் அந்தத் தேக்கத்தை வேண்டுமென்றே புள்ளி வைத்துக் காட்ட முயன்றார்கள்.

அப்புறம் அடிவளையம். மெருகு ஏறாத இடத்தில் மண்ணின் நிறம், மணல் ஒட்டியிருக்கிறதா, வளையம் எவ்வளவு கச்சிதமாகக் கடையப்பட்டிருக்கிறது. தேய்மானம் இருந்தால் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். மேசையில் உராயும் இடம் தேய்வது இயல்பு, உராய வழியே இல்லாத குழிக்குள் கீறல் இருந்தால் யாரோ கீறியிருக்கிறார்கள். இதெல்லாம் ஒரு காலத்தைச் சொன்ன பிறகு குறியைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நல்லது, மோதினால் பாத்திரத்தை நம்புங்கள்.

எனக்குப் படம் அனுப்புவதாக இருந்தால் பகல் வெளிச்சத்தில் அடி முழுவதும், அடிவளையம் பக்கவாட்டில், முழுப் பாத்திரம் என்று குறைந்தது மூன்று படம் அனுப்புங்கள். குறியை மட்டும் நெருக்கமாக எடுத்த படத்தை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியாது.

ஆய்வகச் சோதனை செய்தால் தெரிந்துவிடாதா?

சூடேற்றி ஒளிரவைத்துக் கடைசியாக எப்போது சுட்டார்கள் என்று கணிக்கும் சோதனை இருக்கிறது, ஆனால் பாத்திரத்தில் துளையிட்டு மாதிரி எடுக்க வேண்டும். மெல்லிய கிண்ணத்தில் அந்தச் சேதத்தை நான் செய்யச் சொல்ல மாட்டேன். புதுக் கிண்ணத்தில் ஒட்டிய பழைய அடியில் துளையிட்டால் பழையது என்றே சொல்லும்.

இந்த ஆட்சிப் பெயர்களுக்கும் தமிழுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

பீங்கானில் இல்லை, கல்லில் உண்டு. மிங் கடற்படைத் தலைவர் ஜெங் ஹே இலங்கைக்குக் கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு 1911-இல் காலி நகரில் கிடைத்தது, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனப் பகுதி புத்தருக்குச் செலுத்திய காணிக்கைகளைச் சொல்கிறது, தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குச் செலுத்தியவற்றைச் சொல்கிறது. சீனப் பகுதியின் முடிவில் "யோங்லே ஏழாம் ஆண்டு" என்று தேதி, அதாவது 1409. கோப்பைக்குள் பூவின் நெஞ்சில் எழுதிய அதே யோங்லே, இங்கே ஆண்டு எண்ணோடு, தமிழ் எழுத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

உண்மையான குறிகளை எங்கே பார்க்கலாம்?

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 95-ஆம் அறையில் பெர்சிவல் டேவிட் சேகரிப்பு, சுமார் 1,700 பாத்திரங்கள் ஒரே அறையில். தைப்பேயிலும் பெய்ஜிங்கிலும் அரண்மனை அருங்காட்சியகங்கள். ஜிங்தேசென்னுக்கே போக முடிந்தால் அங்கே ஒட்டிவைத்த சுவான்தே, செங்ஹுவா சில்லுகளை விடாதீர்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஆசிய நாகரிக அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது.

போகும்போது ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துப்போங்கள். அடிப்பாகம் தெரிகிற மாதிரி கவிழ்த்தோ, கீழே கண்ணாடி வைத்தோ காட்டியிருக்கும் பாத்திரத்தின் முன்னால் நின்று, அந்த ஆறு எழுத்தையும் ஒவ்வொரு கோடாக வரைந்து பாருங்கள். கண்ணாடியில் பார்த்தால் இடம் வலம் மாறித் தெரியும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.